நீலப் புதர் ஒன்றின் பெயர் வரலாறு

ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டத்தின் மொழிபெயர்ப்பு அமர்வு ஒன்றில் அமெரிக்கக் கவிதை ஒன்றைத் தமிழாக்கிப் படித்தேன். கடலோரக் குன்றின் சரிவில் நீலமாய்ப் பூத்துக் கிடக்கும் புதர் ஒன்று அக்கவிதையில் வரும். மூலத்தில் அதன் பெயர் 'கலிபோர்னியா லைலாக்'. நூல்களைப் புரட்டியபோது லைலாக் என்பது மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி என்று கண்டேன். 'கலிபோர்னிய மல்லிகை' என்று எழுதிவிட்டேன். படித்து முடித்ததும், தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அம்மா, நீல நிறத்தில் மல்லிகை உண்டா? அந்தச் செடி எது என்று பார்த்தீர்களா?" என்று வினவினார். "கவிதையில் உண்டு ஐயா" என்று விடையிறுத்தேன். அவையினர் நகைத்தனர், கைதட்டலும் கிடைத்தது. அவர் மட்டும் நகைக்கவில்லை. அம்மொழிபெயர்ப்பு நம் வட்டத்தின் தொகுப்பிலும் அவ்வாறே அச்சேறிற்று.

அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவில் எழுந்தது அவ்வினாவே. அதற்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடிச் சென்றதில் கிட்டியவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறேன். செடியைத் தேடப் புகுந்த நான் பெயர்களின் வரலாற்றுக்குள் சென்று சேர்ந்தேன். அவ்வரலாற்றில் ஒரு கவிஞரும் வருகிறார் என்பது நம் வட்டத்தார்க்கு உவப்பளிக்கும்.

செடியும் அதன் நிலமும்

கவிதையில் வந்த புதர் சியனோத்தஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள. அனைத்தும் கனடா முதல் நடு அமெரிக்கா வரையிலான நிலப்பரப்புக்கே உரியவை. அவற்றுள்ளும் பெரும்பான்மை கலிபோர்னியாவில் வளர்வன. கடலோரக் குன்றுகளில் மிகுதியும் காணப்படுவது சியனோத்தஸ் தைர்சிஃபுளோரஸ் என்னும் இனம். ஓரிகான் மாநிலத்தின் தென்பகுதி தொடங்கிச் சாந்தா பார்பரா வட்டாரம் வரை, பசிபிக் கடலை ஒட்டிய மலைச்சரிவுகளில் இது பரவியுள்ளது. ஆள் உயரத்தில் நிற்பதும் உண்டு; 6 மீட்டர் வரை உயர்ந்து சிறுமரமாவதும் உண்டு. கடற்காற்று ஓயாது மோதும் பாறை முகடுகளிலோ தரையோடு தரையாகப் படிந்து வளரும். ஆண்டு முழுதும் இலை உதிராது. இளவேனிலில் செடி முழுவதும் நீலக் கொத்துகளால் மூடிக்கொள்ளும். தனிப்பூ மிகச் சிறியது. ஐந்து இதழ்களும் சிறு கரண்டி போல் குவிந்திருக்கும். புறவிதழும் அதே நிறம் கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கில் சேர்ந்த பின்னரே கண்ணுக்குப் பூவாகத் தெரியும்.

அது வளரும் நிலத்தைச் 'சப்பரால்' என்பர். பசுமை மாறாத, தடித்த இலைகளையுடைய புதர்கள் ஒன்றோடொன்று பின்னி, மனிதர் நுழையவியலாதபடி அடர்ந்த குறுங்காடு அது. குறுமரக் கருவாலியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. அங்கு மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும். கோடை முழுதும் ஒரு துளி கூட விழாத நாட்கள்; கரையோரச் செடிகளுக்குக் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி ஒன்றே ஈரம்.

திணை இலக்கணம் பயிற்றுவிப்பவள் என்னும் முறையில் இந்நிலத்தை எத்திணையில் வைப்பது என்று எண்ணிப் பார்த்தேன். மலை நேராகக் கடலில் இறங்குகிறது. இடையில் மருதமும் இல்லை. குறிஞ்சியும் நெய்தலும் தோள் உரசி நிற்கும் இடம். கோடை முதிர்ந்தால் தீப்பற்றிப் பாலையும் ஆகிவிடும். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்திற்கு வருவதைத் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டவர். இவ்வொரு சரிவைக் கண்டிருந்தால் அவர் வியந்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

ஊர் நினைவில் இட்ட பெயர்

லைலாக் என்பது கலிபோர்னியாவின் செடியன்று. ஐரோப்பாவின் பால்கன் மலைநாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் பரவி, அங்கிருந்து குடியேறிகளோடு அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் சென்றது. வீட்டு வாயில்தோறும் அதை வைத்து வளர்த்தவர்கள் பின்னர் மேற்குக் கரைக்கு வந்தபோது, குன்றெல்லாம் அதைப் போன்றே கொத்துக் கொத்தாய்ப் பூத்திருப்பதைக் கண்டு, விட்டுவந்த வாயிலின் பெயரை இதற்கு இட்டனர். இரண்டுக்கும் குருதியுறவு இல்லை. லைலாக் மல்லிகைக் குடும்பத்தது. நம் முல்லைக்கும் மல்லிகைக்கும் உறவு. சியனோத்தஸோ இலந்தைக் குடும்பத்தது!

சங்கப் பாடல்களில் 'இரத்தி' என்று வழங்கும் அதே இலந்தை. பள்ளி வாயிலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நாம் தின்ற அந்த இலந்தை. நான் சொல்லைத் தொடர்ந்து சென்று முல்லையை அடைந்தேன். செடியைத் தொடர்ந்து சென்றிருந்தால் முள்ளை அடைந்திருப்பேன்.

இவ்வுறவு ஏட்டளவில் நிற்பதன்று. சான்பிரான்சிஸ்கோ அருகே வாழும் என் பழைய மாணவி ஒருத்தி, என் வேண்டுகோளின் பேரில் இச்செடியின் இலையைப் புரட்டிப் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பினாள். காம்பு சேரும் இடத்திலிருந்தே மூன்று நரம்புகள் பிரிந்து இலை நெடுக ஓடின. கல்லூரி வளாகத்தின் பின்வேலியில் நிற்கும் இலந்தையின் இலை ஒன்றைப் பறித்து அருகில் வைத்துப் பார்த்தேன். அதே மூன்று நரம்புகள். மல்லிகை இலையில் அவ்வமைப்பு இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருக்கக்கூடிய சோதனை அது. அரை நிமிடம் ஆயிற்று.

சியனோத்தஸ் என்னும் பேரினப் பெயருக்கும் இச்செடியோடு பிறப்புரிமை இல்லை. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் ஏதோ ஒரு முட்செடிக்கு வழங்கிய கிரேக்கச் சொல்லை எடுத்து, அச்செடி வளராத வேறொரு கண்டத்தின் புதர்களுக்கு 1753-இல் லின்னேயஸ் சூட்டினார். அவர் அறிந்திருந்தது கிழக்கு அமெரிக்காவின் வெண்பூ இனம். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டதை ஒட்டிய விடுதலைப் போர்க் காலத்தில், ஆங்கிலேயர் தேயிலையைத் துறந்தோர் அவ்வினத்தின் இலையைக் காய்ச்சிப் பருகினர். 'நியூ ஜெர்சி தேநீர்' என்னும் பெயர் அதற்கு இன்றும் வழங்குகிறது. நீலப் பூக்களையுடைய மேற்குக் கரையின் இனம் அறிவியல் ஏட்டில் இடம்பெற இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கப்பலில் வந்த கவிஞர்

1816 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் 'ரூரிக்' என்னும் சிறிய ரஷ்யக் கப்பல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் நுழைந்தது. கோமகன் ருமியான்ட்சேவ் தம் சொந்தச் செலவில் அனுப்பியது அது. ஒட்டோ ஃபான் கொட்ஸெபு தலைமை தாங்கினார். வட அமெரிக்காவின் வடமுனையைச் சுற்றிக் கடல்வழி உண்டா என்று காண்பதே நோக்கம். கப்பலில் இயற்கை அறிஞராக வந்தவர் அடெல்பர்ட் ஃபான் ஷமிசோ. மருத்துவராக வந்தவர் யோகான் ஃபிரீட்ரிஷ் எஷ்ஷோல்ட்ஸ். ஓவியர் லூயி கோரி. ஒரு திங்கள் அங்குத் தங்கினர். அன்று சான்பிரான்சிஸ்கோ ஒரு நகரமன்று. 1776-இல் ஸ்பானியர் நிறுவிய ஒரு படைமுகாமும், பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திய ஒரு சமயக் குடியிருப்புமே இருந்தன.

ஷமிசோவைப் பற்றிச் சற்று விரித்துரைக்காமல் என்னால் கடக்க இயலவில்லை. 1781-இல் பிரான்சு நாட்டின் ஷாம்பெயின் பகுதியில் ஒரு கோட்டை மாளிகையில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் குடும்பம் நாட்டை விட்டு ஓடியது. பெர்லினில் அரண்மனைச் சிறுவனாகவும் பின்னர்ப் பிரஷ்யப் படைவீரராகவும் வளர்ந்தார். தாய்மொழி பிரெஞ்சு, கவிதை எழுதியது ஜெர்மன் மொழியில். 1813-இல் பிரஷ்யா நெப்போலியனுக்கு எதிராகப் போருக்கு எழுந்தபோது, பிறந்த நாட்டுக்கு எதிராகவும் போரிட முடியாமல், வளர்த்த நாட்டை விட்டு அகலவும் முடியாமல், பெர்லினுக்கு வெளியே ஒரு பண்ணை மாளிகையில் செடிகளை ஆராய்ந்துகொண்டு ஒதுங்கியிருந்தார். அங்குதான் 'பீட்டர் ஷ்லெமீல்' என்னும் புகழ்பெற்ற கதையை எழுதினார். தன் நிழலை விற்றுவிட்ட மனிதனின் கதை அது. நிழல் இல்லாதவனை ஊர் சேர்த்துக்கொள்ளாது. இறுதியில் அவனுக்கு ஓரடியில் ஏழு காதம் கடக்கும் காலணிகள் கிடைக்கின்றன. அவன் உலகம் முழுதும் நடந்து செடிகொடிகளைத் தொகுத்து வாழ்கிறான். கதை 1814-இல் வெளிவந்தது. மறு ஆண்டே அதன் ஆசிரியர் கோபன்ஹேகன் துறைமுகத்தில் ரூரிக் கப்பலில் ஏறினார். தாம் எழுதிய கதையின் முடிவுக்குள் தாமே நடந்து சென்ற எழுத்தாளர் வேறு எவரும் என் நினைவுக்கு வரவில்லை.

(ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாது அம்மொழியில் எழுதும் படைப்பாளிகளுக்கு 1985 முதல் 2017 வரை ஷமிசோவின் பெயரால் ஒரு பரிசு வழங்கப்பட்டது. நம்மவருள் வேற்றுமொழியில் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.)

எஷ்ஷோல்ட்ஸ் அவரினும் பன்னிரண்டு ஆண்டு இளையவர். இன்றைய எஸ்டோனியாவின் தார்ட்டு நகரத்தவர். இருவரும் கப்பலில் நண்பராயினர். சான்பிரான்சிஸ்கோ மணலில் கண்ட பொன்னிறக் கசகசாச் செடிக்கு 1820-இல் ஷமிசோ தம் நண்பரின் பெயரைச் சூட்டினார். அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டதால் 'எஷ்ஷோல்சியா' என்றே அது நிலைத்தது. 1903-இல் அப்பூவே கலிபோர்னியாவின் மாநில மலராயிற்று. நண்பர் சும்மா இருப்பாரா? 1826-இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் ஏட்டில் கலிபோர்னியச் செடிகளை விவரித்தபோது, கடலோர மணல் மேட்டில் வளரும் நீலப்பூச் செடி ஒன்றுக்கு 'லூப்பினஸ் ஷமிசோனிஸ்' என்று பெயரிட்டார். அதே கட்டுரையில்தான் நம் நீலப் புதரும் 'சியனோத்தஸ் தைர்சிஃபுளோரஸ்' என்று முதன்முதலாகப் பதிவாயிற்று. 'தைர்சஸ்' என்பது கிரேக்கரின் மதுக்கடவுள் ஏந்தும், கொடி சுற்றிய கோல். தாவரவியலார் அதைப் பூங்கொத்தின் ஒருவகை அமைப்புக்குப் பெயராக்கினர். கொத்துப்பூச் செடி என்பதே பொருள். எவர் பெயரையும் சுமக்காத எளிய பெயர். நண்பர்கள் பரிமாறிக்கொண்ட இரு பெயர்களுக்கிடையே அது அடக்கமாகவே நிற்கிறது.

ஒன்று கருதத்தக்கது. ரூரிக் கப்பல் வந்தது அக்டோபரில். எஷ்ஷோல்ட்ஸ் மீண்டும் 1824-இல் கொட்ஸெபுவுடன் அவ்விரிகுடாவுக்கு வந்ததும் இலையுதிர் காலத்திலேயே. நீலப் புதர் பூத்து நிறைவது மார்ச் தொடங்கி. குன்று முழுதும் நீலமாகும் காட்சியை அதற்குப் பெயரிட்டவர் கண்டிருக்க வாய்ப்பில்லை.

ஷமிசோவின் செடிக்கட்டுரை அச்சான தொகுதியைப் பதிப்பித்தவர் நீஸ் ஃபான் ஈசன்பெக் என்னும் ஜெர்மானியர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை, 1994, 2006, 2018 என்று பூத்த நீலக்குறிஞ்சிக்கு அறிவியல் உலகில் முதற்பெயரிட்டவரும் அதே நீஸ்தான். இரண்டு மலைகள், இரண்டு நீலங்கள். ஏடுகள் சென்று சேர்ந்த மேசையோ ஒன்று. குறிஞ்சிக்கேனும் அதற்கு முன் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு பெயர் இருந்து, அது ஒரு திணைக்கே பெயராகி, பாட்டிலும் உரையிலும் பதிவாகியிருந்தது. கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை ஒரே பாட்டில் அடுக்கி வைத்துச் சென்றதன் பயன் எனக்கு இத்தேடலின்போதுதான் முழுதும் விளங்கிற்று.

நுரையும் கூடையும் நெருப்பும்

நீலப் புதர் பூத்த குன்றுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்தனர். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சூழ்ந்து வாழ்ந்தோரை ஒலோனி மக்கள் என்று இன்று அழைக்கின்றனர். அவர்கள் ஒரு மொழியல்ல, உறவுடைய பல மொழிகள் பேசியோர். கலிபோர்னியத் தொல்குடியினர் சியனோத்தஸ் பூக்களை நீரில் கசக்கி, எழும் நுரையால் உடலும் தலையும் கழுவினர். நம் ஊரில் சீயக்காயும் அரப்பும் செய்யும் பணியை அங்கு அப்பூ செய்தது. இங்கும் இலந்தையின் உறவு தலைகாட்டுகிறது. அரபு நாட்டார் இலந்தை இனமான 'சித்ர்' மரத்தின் இலையைக் கழுவும் பொருளாகப் பயன்படுத்துவர். நம் தமிழ் இசுலாமியர் இறந்தோரை நீராட்டும் நீரில் இலந்தை இலை சேர்ப்பதும் அவ்வழக்கின் தொடர்ச்சியே. குடும்பம் முழுதும் நுரைக்கும் போலும்.

கூடை முடையும் பெண்களுக்கு இப்பேரினத்துச் செடிகளின் இளங்கொம்புகள் வேண்டியிருந்தன. முதிர்ந்த புதரின் கிளை கோணியும் கணுத்தும் இருக்கும், கூடைக்கு ஆகாது. எரிந்த அல்லது வெட்டப்பட்ட அடியிலிருந்து மறு ஆண்டு நேராக எழும் போத்துகளே வளையும். ஆதலின் அம்மக்கள் உரிய பருவத்தில், உரிய அளவில், காட்டுக்குத் தாமே தீயிட்டனர். கேட் ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர் 2005-இல் வெளியிட்ட நூலில் கூடை முடையும் மூதாட்டியரின் வாய்மொழியோடு இதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். 1769-இல் தரைவழி வந்த முதல் ஸ்பானியக் குழுவில் இருந்த குவான் கிரெஸ்பி என்னும் துறவி, தொல்குடியினர் எரித்த புல்வெளிகளைத் தம் நாட்குறிப்பில் வழிநெடுகக் குறித்துச் செல்கிறார்.

நெருப்பு இச்செடிக்கும் வேண்டும். மூன்று பிரிவாயமைந்த காய், வெயில் முற்றிய நாளில் ஓசையோடு வெடித்து விதைகளைத் தொலைவில் எறியும். விதையுறை மிகக் கடினமானது, மழைநீர் உட்புகாது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். மேலே தீ ஓடினால் அவ்வெப்பத்தில் உறை பிளக்கும். அடுத்த மழையில் முளைக்கும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து, வெந்த மண்ணுக்கு மீண்டும் வளம் சேர்க்கும். சில பத்தாண்டுகளில் புதர் முதிர்ந்து மடியும். விதைகள் அடுத்த தீக்குக் காத்திருக்கும்.

1793 மே 31 அன்று ஸ்பானிய ஆளுநர் ஹோசே ஹோக்கின் தெ அரிலாகா சாந்தா பார்பராவிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். தொல்குடியினர் வெளிநிலங்களுக்குத் தீயிடல் கூடாது, மீறினால் தண்டனை. கால்நடைகளுக்குப் புல் அழிகிறது என்பதே காரணம். பெண்கள் கூடைக்கொம்புக்காக இட்ட நெருப்பு, ஆணைத்தாளில் குற்றமாயிற்று. ரூரிக் கப்பல் வந்து சேர்ந்தபோது அவ்வாணைக்கு இருபத்துமூன்று வயது.

சமயக் குடியிருப்பில் ஷமிசோ கண்டதை அவர் மறைக்கவில்லை. அங்குள்ள தொல்குடியினர் அஞ்சத்தக்க அளவில் மடிந்து வருவதை எழுதினார். துறவியருள் எவரும் அம்மக்களின் வரலாற்றையோ வழக்கங்களையோ மொழிகளையோ அறிய முற்படவில்லை என்றும், அவர்களை அறிவற்றோர் என்று ஒதுக்கிவிட்டனர் என்றும் கடிந்துரைத்தார். கோரி அவர்களை வரைந்தார். குடியிருப்பின் முன் ஒப்பனையோடு ஆடுவோரையும், கோரைப்புல் ஓடத்தில் விரிகுடாவைக் கடப்போரையும் காட்டும் அவ்வோவியங்கள் 1822-இல் பாரிசில் வெளியாயின. அம்மக்களின் முகங்களைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் அவை அடங்கும். பிறர் மொழியைக் கற்காத துறவியரைக் கடிந்த கவிஞர் வந்த அதே கப்பலின் தொகுப்பிலிருந்து, அம்மக்களின் மொழியில் ஓரெழுத்தும் கலவாத கிரேக்க, இலத்தீன் பெயரோடு இச்செடி உலகுக்கு அறிமுகமாயிற்று. ஷமிசோவை இதற்காகக் குறை கூற எனக்கு வாயில்லை. நான் அகராதியோடு நின்றவள். அவரோ பன்னாட்கள் அலைகடல் கடந்து சென்று பார்த்தவர்.

ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய 1769-இல் கலிபோர்னியத் தொல்குடியினர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிடுவர். 1870 அளவில் எஞ்சியோர் ஏறத்தாழ முப்பதாயிரம். நோயும், பசியும், 1848-இல் பொன் கிடைத்த பின் வந்தோரின் துப்பாக்கியும் காரணங்கள். 2019-இல் கலிபோர்னிய ஆளுநர் இதனை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டு மன்னிப்புக் கோரினார்.

ஏடு காத்த பெண்கள்

இடைக்காலத்தில் இச்செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் பயணமானதை நீட்டி உரைக்க வேண்டுவதில்லை. வீச் நாற்றுப்பண்ணைக்காக 1849-இல் கலிபோர்னியா வந்த வில்லியம் லாப் போன்றோர் அனுப்பிய விதைகள் இங்கிலாந்தில், உறைபனிக்கு அஞ்சித் தென்முகச் சுவர்களில் சாய்த்து வளர்க்கப்பட்டன. பிரான்சில் கலப்பினங்கள் உருவாயின.

நான் நின்று படித்தது கேதரின் பிராண்டகீ (1844–1920) என்னும் பெண்மணியின் வரலாற்றில்தான். மருத்துவம் பயின்று, பிணியாளர் போதிய அளவில் வராமையால் செடிகள்பால் திரும்பியவர். கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் தாவரப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். 1889-இல் மணம் புரிந்ததும் கணவரும் அவரும் சான்டியாகோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை செடி தொகுத்துக்கொண்டே நடந்து சென்றனர். 1894-இல் சியனோத்தஸ் பற்றி ஆய்வுரை வெளியிட்டார். இப்பேரினத்துச் செடிகள் காட்டிலேயே ஒன்றோடொன்று கலந்து இடைப்பட்ட வடிவங்களைத் தருவதை எடுத்துக்காட்டி, வேறுபட்ட ஒவ்வோர் இலைக்கும் ஒரு புதுப்பெயர் சூட்டிப் புகழ் தேடுவோரைக் கடுமையாகச் சாடினார். பெயர் சூட்டுவதைவிடப் பெயரைக் குறைப்பதே அறிவுத்தொண்டாகும் சூழலும் உண்டு என்பதை அறிந்தவர் அவர்.

அவர் தேர்ந்து அழைத்து வந்து தம் பொறுப்பை ஒப்படைத்த ஆலிஸ் ஈஸ்ட்வுட், 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தன்று, தீ நெருங்கிக் கொண்டிருந்த கட்டிடத்தில் இடிந்த படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி ஆறாம் மாடிக்கு ஏறினார். பெயரிடலுக்கு மூலமான உலர்தாவரத் தாள்களை முன்னரே தனியே பிரித்து வைத்திருந்தமையால், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு தாள்களைக் கயிற்றில் இறக்கிக் காத்தார். தம் சொந்தப் பொருள்களை இழந்தார். கருநீலப் பூவையுடைய சியனோத்தஸ் இனம் ஒன்றுக்குச் 'சயனியஸ்' எனப் பின்னாளில் பெயரிட்டவரும் அவரே.

மீண்டும் தீ

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு அரிலாகாவின் ஆணையை வேறு உருவில் தொடர்ந்தது. எந்தக் காட்டுத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் வனத்துறை விதி வகுத்தது. அடங்கிய தீ, புதர்களாகவும் சருகுகளாகவும் சேர்ந்துகொண்டே போயிற்று. 1995 அக்டோபரில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயின்ட் ரேயஸ் கடலோரத்தில், சரிவர அணைக்காத முகாம் நெருப்பிலிருந்து பரவிய தீ பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. 45 வீடுகள் அழிந்தன. அடுத்த மழைக்குப் பின் கருகிய சரிவுகளில் ஊசியிலைக் கன்றுகளோடு நீலப் புதரின் நாற்றுகள் கால் வைக்க இடமின்றி எழுந்தன. எத்தனை ஆண்டுகளாக அவ்விதைகள் மண்ணுக்குள் கிடந்தனவோ! எனினும் தீ நல்லது என்று இதனின்று முடிவு செய்துவிடலாகாது. நாற்று வளர்ந்து தானே விதை தருமுன் மறுபடி எரிந்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். அவ்விடத்தை அயல்நாட்டுப் புல் பிடித்துக்கொள்ளும். எப்போது, எவ்வளவு என்பதே அறிவு. அவ்வறிவைத்தான் 1793-இல் தடுத்தார்கள்.

2021-இல் கலிபோர்னியச் சட்டமன்றம், பயிற்சி பெற்றோரும் தொல்குடி வழக்கப்படி தீயிடுவோரும் இடும் தீ கைமீறினால், அவர்கள் முறை தவறாதவரை அணைப்புச் செலவை அவர்மீது சுமத்தலாகாது என்று சட்டம் செய்தது. வடபகுதியில் கூடை முடையும் பெண்கள் சிலர் தம் பாட்டியர் செய்தவாறே மீண்டும் தீயிட்டுக் கொம்பு கொய்கின்றனர். ஒலோனி மக்களின் வழித்தோன்றல்கள் துறவியரும் அறிஞரும் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து தம் மொழிகளின் சொற்களை ஒவ்வொன்றாக மீட்டு வருகின்றனர்.

இனி என் மொழிபெயர்ப்பு. 'மல்லிகை' என்ற சொல்லை நீக்க வேண்டும். 'இலந்தை' என்று எழுதினால் தாவரவியல் மகிழும். கவிதையில் பழவாடை வீசும். 'நீலக்கொத்து' என்று புனையலாம். ஆனால் செடியைக் காணாமல் பெயரிடுவோர் வரிசையில் நானும் ஒருத்தியாவேன். ஆதலின் அங்குள்ளோர் அதைத் தம் மொழியில் எப்படி அழைத்தனர் என்று கேட்டு என் மாணவிக்கு எழுதியுள்ளேன். அவள் ஒலோனி மொழி மீட்பில் ஈடுபட்டிருப்போரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியுள்ளாள். அதுவரை, நம் வட்டத்தின் மொழிபெயர்ப்புத் தொகுப்பை வைத்திருக்கும் உறுப்பினர்கள் அக்கவிதையின் நான்காம் அடியில் 'கலிபோர்னிய மல்லிகை' என்றிருப்பதை அடித்து, 'நீலப் புதர்' என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.